லாக்ரோஸ் கீப்பர் எப்படி நிற்க வேண்டும்: கீழ்க் கையிலிருந்து தொடங்குவோம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். முனையில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் கோல் போடும் ஆட்டம் லாக்ரோஸ். அதில் வலது கையை மேலே வைத்து ஸ்டிக் பிடிக்கும் கீப்பர் நீங்கள். ஸ்டிக் இருக்கும் பக்கம் உயரமாக வரும் ஷாட்டுகளை நன்றாகவே தடுக்கிறீர்கள். இடது இடுப்புக்கு வருவதும், இடது காலடியில் குத்தி எழுவதும்தான் வலைக்குள் போய்விடுகின்றன. ஒரு கோச் "கையை முன்னால் கொண்டுவா" என்கிறார், இன்னொருவர் "ஸ்டிக்கைக் கொஞ்சம் கீழே இறக்கு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, எப்படி நிற்பது என்பது கேள்வி.

முதல் கோச் பேச்சைக் கேளுங்கள். இரண்டாமவர் சொல்வதற்கும் ஓர் இடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இருவரும் பேசுவது மேல் கையைப் பற்றியே. நீங்கள் சொல்லும் இரண்டு இடத்திலும் கோல் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கீழ்க் கைதான். மேல் கை பந்தை நோக்கிக் கிளம்பிவிடும். கீழ்க் கை வழிவிடாமல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டிக் பாதியில் நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குக் "கீப்பர் லேட்" என்று தோன்றும். கீப்பர் நேரத்துக்குத்தான் கிளம்பினார், வழிதான் அடைத்துக்கொண்டது.

நிற்கும் விதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆறடிக்கு ஆறடி, அதாவது 183 செ.மீ. சதுரமான கோல். நல்ல தரத்தில் ஆடும் ஆண்கள் அடிக்கும் ஷாட் மணிக்கு 130 கி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். அது நொடிக்கு ஏறக்குறைய 36 மீட்டர். ஒன்பது மீட்டரிலிருந்து அடித்தால் கால் நொடியில் பந்து கோட்டைத் தாண்டும். கண் பார்த்ததற்குக் கை அசையத் தொடங்கவே ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். மிச்சம் இருப்பது இருபதில் ஒரு பங்கு நொடி. அதற்குள் கை எவ்வளவு தூரம் போகும்? ஒரு சாண், அதிகம் போனால் ஒரு முழம். நல்ல கீப்பர்கள் ஷூட்டரின் தோளையும் ஸ்டிக்கையும் படித்து இன்னும் கொஞ்சம் நேரத்தைத் திருடிக்கொள்கிறார்கள், அது உண்மைதான். ஆனாலும் கை தொடங்கும் இடம் தப்பாக இருந்தால் எவ்வளவு வேகமான கையாலும் ஈடுகட்ட முடியாது. "ரிஃப்ளெக்ஸ் இருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

சரி, கைகள்.

மேல் கை, ஸ்டிக்கின் தலையும் (வலை கட்டிய முனை) தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில், தலையின் பிளாஸ்டிக்குக்கு உடனடியாகக் கீழே இருக்க வேண்டும். அதைவிட ஒரு சாண் இறக்கிப் பிடித்தால் ஸ்டிக்கின் தலை கனமாகத் தோன்றும், திருப்புவதற்குச் சுணங்கும். உயரம் தோளுக்கும் கண்ணுக்கும் நடுவே. அப்போது ஸ்டிக்கின் தலை உங்கள் காதுக்குப் பக்கத்தில், காதைவிடச் சற்று மேலே நிற்கும். கை உடம்பிலிருந்து முன்னால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளம் அளவுக்குத் தள்ளி இருக்கட்டும். முழங்கை மடங்கியே இருக்க வேண்டும், ஆனால் விலாவில் ஒட்டக் கூடாது. முழுதாக நீட்டிப் பூட்டிவிடவும் கூடாது. நீட்டிய கைக்கு அதற்கு மேல் குத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

முன்னால் வைப்பதில் இரண்டு லாபம். பந்தை அது கிளம்பிய இடத்துக்கு நெருக்கமாகச் சந்திப்பதால், அதே ஸ்டிக் தலை அதிக இடத்தை மறைக்கிறது. இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது: கைகள் முன்னால் இருந்தால்தான் ஸ்டிக்கை உடம்புக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் சுழற்ற முடியும். காருக்கு முன்கண்ணாடியில் வைப்பர் ஓடுகிற மாதிரி, ஸ்டிக் உங்கள் முன்னால் ஒரே தளத்தில் ஓட வேண்டும். கைகள் மார்போடு இருந்தால் உடம்பைச் சுற்றி வளைந்துதான் போக முடியும், அது நீண்ட வழி.

பிடி விரல்களில் இருக்கட்டும், உள்ளங்கையில் வேண்டாம். கட்டைவிரல் தண்டின் பின்புறமோ பக்கவாட்டிலோ மேல்நோக்கி இருக்கலாம். பந்து வரும் பக்கம் மட்டும் துருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கீப்பர்களுக்கென்று விற்கும் க்ளவுஸில் கட்டைவிரலுக்கு மட்டும் தனியாகத் தடித்த காப்பு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மேல் கைக் கட்டைவிரலில் அடி வாங்காத கீப்பர் அபூர்வம். பிடி இறுகினால் முன்கை முழுவதும் இறுகும், கை கிளம்புவதும் தாமதமாகும். பந்து ஸ்டிக்கில் படும் கணத்தில் கையைச் சற்றே பின்வாங்கி வாங்கிக்கொள்ளவும் இறுகிய கையால் முடியாது. பந்து தெறித்து நேரே எதிரணியின் ஸ்டிக்குக்குப் போகும், இரண்டாவது ஷாட்டுக்கு நீங்கள் தரையில் இருப்பீர்கள்.

இனி கீழ்க் கை. இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இடையே ஓரடி முதல் ஒன்றரை அடி வரை இடைவெளி இருக்கட்டும். புதிதாக வருபவர்கள் தண்டின் கடைசி முனையைத்தான் பிடிப்பார்கள், அதுதான் இயல்பாகத் தோன்றும். நீளமான தண்டாக இருந்தால் கைகள் இரண்டடிக்கும் மேல் விரிந்துவிடும். அந்த விரிப்போடு ஸ்டிக்கை இடது பக்கம் திருப்பிப் பாருங்கள்: கீழ்க் கை வலது பக்கம் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும், அதற்குள் வலது முழங்கை வந்து மோதும். கைகளை மிக நெருக்கினால் வேறு தொந்தரவு. திருப்புவது எளிது, ஆனால் வேகமான பந்து பட்டதும் ஸ்டிக்கின் தலை பின்னுக்குச் சாய்ந்து பந்து வலைக்குள்ளேயே விழும்.

உயரம் இடுப்புக்குச் சற்று மேலே, தொப்புளுக்கும் கீழ் விலாவுக்கும் நடுவே. உடம்பிலிருந்து குறைந்தது இரண்டு முஷ்டி தூரம் முன்னால். இந்தத் தூரம்தான் எல்லாரும் கோட்டைவிடுவது. மேல் கையை முன்னால் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். கீழ்க் கை மட்டும் இடுப்பெலும்போடு பதுங்கியிருக்கும். அப்போது ஸ்டிக் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும், தலை ஷூட்டரை நோக்கிக் குனிந்திருக்கும். முன்னிருந்து பார்ப்பவருக்கு, கோச்சுக்கும்கூட, கைகள் சரியான இடத்தில் இருப்பதாகவே தோன்றும்.

கீழ்க் கையின் பிடி மேல் கையைவிடத் தளர்வாக இருக்கட்டும். அது பெரும்பாலும் ஒரு வளையம் மாதிரி வேலை செய்கிறது. தண்டு அதற்குள் திரும்ப வேண்டும். மேல் கை பந்துக்குப் போகும், கீழ்க் கை அதற்கு வழிவிடும். யார் முதலாளி என்று தீர்மானமாகத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இப்போது இதை நின்ற இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். செஸ்ட் கார்ட் (மார்புக் கவசம்) உட்பட எல்லாக் கவசமும் அணிந்துகொண்டு நில்லுங்கள். கவசம் இல்லாமல் செய்தால் சோதனையே தப்பு, ஏனென்றால் கை மோதுவது அந்தத் தடிமனில்தான். ஸ்டிக்கின் தலையை மெதுவாக வலது மேல் மூலையிலிருந்து வலது இடுப்பு, வலது பாதம், கால்களுக்கு நடுவே, இடது பாதம், இடது இடுப்பு, இடது மேல் மூலை என்று ஒரு சுற்றுக் கொண்டுபோங்கள். எங்காவது தண்டோ முழங்கையோ கவசத்தில் உரசினால் அந்த இடத்தில் நிறுத்திக் கீழ்க் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இடது இடுப்பில்தான் உரசும். கைகளை இன்னும் ஓர் அங்குலம் முன்னால் தள்ளி மறுபடி சுற்றுங்கள். உரசல் நிற்கும் இடம்தான் உங்கள் கைகளின் இடம். யாருடைய படத்தையும் பார்த்து அளக்க வேண்டியதில்லை. உங்கள் கை நீளம் வேறு, கவசம் வேறு.

ஒவ்வொரு மூலைக்கும் கீழ்க் கை எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலது கை மேலே இருப்பவருக்கான கணக்கு இது, இடதுகைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவும்.

வலது மேல் மூலை எளிது. மேல் கை பந்தை நோக்கி நேராகக் குத்துகிறது, கீழ்க் கை சற்றுப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான். வலது கீழே வரும்போது மேல் கை பந்துக்கு இறங்கும், ஸ்டிக் தலைகீழாகும். கீழ்க் கை வலது பக்கமாகக் குறுக்கே வந்து மார்பு உயரத்துக்கு ஏற வேண்டும். அது ஏறாமல் இடுப்பிலேயே நின்றால் தண்டு சாய்ந்து கிடக்கும், தலை தரையைத் தொட்டாலும் அதன் உள்பக்கம் ஒரு முக்கோண இடைவெளி இருக்கும். பந்துக்கு அது போதும்.

இடது மேல் மூலைக்கு மேல் கை முகத்துக்கு முன்னால் கடந்து போகும், கீழ்க் கை அதற்கு அடியில் வலது பக்கம் நகரும். தண்டு கண்ணை ஒரு கணம் மறைக்கும். அங்கே தலையைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. திருப்பினால் பந்தை இழந்துவிடுவீர்கள். ஹெல்மெட்டின் முன் கம்பிகளும் தொண்டைக் காப்பும் அதற்காகத்தான் இருக்கின்றன, அவற்றை நம்புங்கள்.

இடது இடுப்பு, உங்கள் முதல் தலைவலி. மேல் கை உடம்புக்குக் குறுக்காகக் கீழே போக வேண்டும். தண்டு ஏறக்குறையப் படுக்கை வாட்டில் வர வேண்டும். கீழ்க் கை வலது பக்கம் விலக வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். கீழ்க் கை விலக மறுத்தால் மேல் கை வயிற்றுக்கு முன்னால் நின்றுவிடும், ஸ்டிக்கின் தலை இடுப்பெலும்புக்கு உள்ளேயே இருக்கும், பந்து வெளிப்பக்கமாகப் போகும். கைகள் முன்னால் இருந்தால் இந்தத் தடையே இல்லை. இடது காலையும் பந்தை நோக்கி எடுத்துவையுங்கள். அப்போது ஸ்டிக் தவறினாலும் தொடை இருக்கும். வலிக்கும்தான். தொடையில் நீலம் கட்டாமல் சீசன் முடிக்கும் கீப்பர் இல்லை.

இடது பாதத்துக்கு வரும்போது மேல் கை குறுக்கே இறங்கிப் பாதத்தை நோக்கிப் போகும், கீழ்க் கை இடது முழங்கையைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு இடது மார்பு உயரத்துக்கு எழும். அந்த முழங்கை விரிவதுதான் சூட்சுமம். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் கை எழாது. கை எழாவிட்டால் ஸ்டிக் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும்.

குத்தி எழும் பந்துக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். லாக்ரோஸ் பந்து கெட்டியான ரப்பர், எடை 140 கிராமுக்குச் சற்று மேலே, நல்ல தரையில் நன்றாகவே எழும். எங்கே எழும் என்று காத்திருந்து தடுப்பது சூதாட்டம். அது தரையில் படும் இடத்தையே நோக்கி ஸ்டிக்கின் தலையைக் கொண்டுபோங்கள், மார்பையும் அதன் பின்னால் முன்னோக்கிச் சாயுங்கள். எழுவதற்கு முன்பே மூடிவிடுவதுதான் எண்ணம். தவறினாலும் பந்து உடம்பில் பட்டு முன்னால் விழும்.

உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நுண்கணத்தில் மார்பில் பந்து பட்டால் இதயம் தாளம் தவறி நின்றுபோகும் ஆபத்து உண்டு. மருத்துவர்கள் அதைக் கமோஷியோ கார்டிஸ் என்கிறார்கள். மிக அரிது, ஆனால் இளம் வயதினருக்குத்தான் அதிகம் நேர்கிறது. இதைக் கருதித்தான் 2021 முதல் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் கீப்பர்களின் செஸ்ட் கார்ட், விளையாட்டுக் கவசங்களுக்குத் தரம் வகுக்கும் நாக்ஸே (NOCSAE) என்ற அமைப்பின் என்.டி. 200 தரநிலைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நீங்கள் எங்கே ஆடினாலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அண்ணனுடைய பழைய செஸ்ட் கார்ட் போதும் என்று நினைக்க வேண்டாம். மைதான ஓரத்தில் டிஃபிப்ரிலேட்டர் (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்கவைக்கும் கருவி) இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

கால்களுக்கு வருவோம். இது கைகள் அளவுக்குச் சிக்கலானதில்லை.

பாதங்கள் தோள் அகலம், அல்லது கொஞ்சம் கூடுதல். எடை முன்பாதத்தில், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கலாம், ஆனால் எடை அதன் மேல் விழக் கூடாது. முட்டி மடங்கியிருக்கட்டும், இடுப்பு லேசாகப் பின்னால், மார்பு நிமிர்ந்து ஷூட்டரைப் பார்த்தபடி. முதுகை வளைத்துக் குனிந்தால் கைகள் தானாகவே இறங்கிவிடும். அகலமாகக் காலை விரித்து நிற்பது பார்க்க மிரட்டலாக இருக்கும். அந்த நிலையிலிருந்து அடி எடுத்துவைக்க முதலில் எடையை ஒரு காலுக்கு மாற்ற வேண்டும், அதற்குள் கால் நொடி போய்விடும்.

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பராகவோ கால்பந்தில் கோல்கீப்பராகவோ இருந்து இங்கே வருபவர்களை நின்ற நிலையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். முதல் வகையினர் மிகத் தாழ்ந்து உட்காருவார்கள். இரண்டாம் வகையினர் கைகளை இடுப்பருகே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் பாய்வதற்குத் தயாராக நிற்பார்கள். இங்கே பாய்ச்சல் இல்லை. பந்து வரும் பக்கத்துக் கால் முன்னோக்கிச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில், ஒரு குட்டை அடி எடுத்துவைக்கும். மற்றக் கால் பின்தொடர்ந்து வந்து சேரும். நேர் பக்கவாட்டில் போனால் கோணத்தை இழப்பீர்கள், பின்னால் சாய்ந்தால் எல்லாவற்றையும் இழப்பீர்கள். அடி நீளமாக வேண்டாம், ஓரடி தூரம் போதும். கையும் காலும் சேர்ந்து கிளம்ப வேண்டும், ஒன்று முந்தும் என்றால் கை முந்தட்டும்.

எவ்வளவு தாழ்ந்து நிற்பது என்பது உயரத்தைப் பொறுத்தது. 160 செ.மீ. உயரமுள்ளவர் நன்றாகக் குனிந்தால் தலைக்கு மேல் இரண்டடி வலை திறந்து கிடக்கும். அவர் ஓரளவு நிமிர்ந்தும் கோட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தும் நிற்பது நல்லது. நெட்டையானவருக்கு இடுப்பும் காலடியும்தான் தூரம். அவர் முட்டியைக் கூடுதலாக மடக்கலாம்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கோச்சின் யோசனை வருகிறது. ஸ்டிக்கைக் காதருகே உயர்த்தி வைப்பதா, தோளுக்குக் கீழே இறக்கி நடுவாந்தரமாக வைப்பதா என்பதில் பயிற்சியாளர்களிடையே உண்மையாகவே இரு கட்சி உண்டு. இறக்கி வைக்கச் சொல்பவர்களின் வாதம்: ஷாட்டுகள் பெருமளவு கீழே வருகின்றன, நடுவில் வைத்தால் எல்லா மூலைக்கும் சம தூரம். உயர்த்திப் பிடிக்கச் சொல்பவர்களின் வாதம்: மேலிருந்து கீழே போவது கீழிருந்து மேலே வருவதைவிட எளிது, அத்துடன் ஒரு மேல் மூலை அசையாமலேயே அடைபடுகிறது. நான் உயர்த்திப் பிடிக்கச் சொல்லும் கட்சி. குறிப்பாக, இன்னும் பழகிக்கொண்டிருப்பவர் விஷயத்தில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் "கொஞ்சம் இறக்கு" என்று சொன்னால் ஸ்டிக் இறங்கும்போது கைகளும் உடம்போடு வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் கஷ்டம் உயரத்தில் இல்லாதபோது உயரத்தைத் தொட வேண்டாம். கைகள் முன்னால் நிற்கப் பழகி, கீழ்க் கை தானாக வழிவிடத் தொடங்கிய பிறகும் கீழே வரும் ஷாட்டுகள் தவறினால், அப்போது நான்கு விரல் அகலம் இறக்கிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உயரத்தைவிடப் பெரிய திருட்டு ஒன்று உண்டு. ஷூட்டர் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்து ஓங்கும் கணத்தில், கீப்பரும் தன்னையறியாமல் கைகளைச் சற்று இறக்கிப் பின்னுக்கு இழுப்பார், தானும் அடிக்கப் போவது போல. நான்கு அங்குலம்தான். ஆனால் கை முதலில் அந்த இறக்கத்தை நிறுத்த வேண்டும், பிறகு திரும்பி ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் பந்துக்குப் போக முடியும். இதை உங்களால் உணர முடியாது. யாரையாவது பக்கவாட்டில் நிறுத்தி ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். ஷூட்டர் ஓங்கத் தொடங்கும் ஃபிரேமில் ஒரு முறை நிறுத்துங்கள், பந்து அவர் ஸ்டிக்கைவிட்டு வெளியேறும் ஃபிரேமில் மறுபடி நிறுத்துங்கள். இரண்டிலும் உங்கள் மேல் க்ளவுஸ் எந்த உயரத்தில் இருக்கிறது? பின்னால் தெரியும் கோல் கம்பத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், ஷாட் தவறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கைகளை அடக்கி வைக்க நான் சொல்லும் வழி: ஷூட்டர் ஓங்கும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். பதற்றத்தில் மூச்சைப் பிடிக்கும்போதுதான் தோள் தூக்கிக் கை இறங்குகிறது.

கண் ஷூட்டரின் முகத்தில் இருக்க வேண்டாம், உடம்பிலும் வேண்டாம். பந்து அவருடைய ஸ்டிக் தலையில் இருக்கிறது, கண்ணும் அங்கேயே. நீங்கள் நேருக்கு நேர் நிற்க வேண்டியதும் அந்தத் தலைக்குத்தான். வலது கைக்காரர் பக்கவாட்டில் கையை நீட்டி அடித்தால் பந்து அவர் மார்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கிளம்புகிறது. அவர் உடம்புக்கு நேராக நின்றால் ஒரு பக்கத்தை நீங்களே திறந்து கொடுத்தமாதிரி.

கோலுக்கு முன்னால் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு வளைவாக நகர்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கைகளோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். நகரும்போது குட்டை அடிகள், கைகள் ஆடக் கூடாது. பந்தை ஷூட்டர் விடுவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். நகர்ந்துகொண்டே தடுக்கும் கீப்பர் எப்போதும் தான் வந்த பக்கத்தில் கோல் வாங்குவார். வலது கம்பத்தருகே ஸ்டிக்கையே கம்பத்தோடு ஒட்டி வைத்து இடைவெளியை அடையுங்கள். இடது கம்பத்தருகே உடம்பும் காலும் கம்பத்தை அடைக்கட்டும், ஸ்டிக்கைச் சற்று உள்பக்கமாக முகத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். கம்பம் எங்கே என்று திரும்பிப் பார்க்காமல் ஸ்டிக்கால் தட்டித் தெரிந்துகொள்ளலாம்.

பந்து கோலுக்குப் பின்னால் போய்விட்டால் ஸ்டிக்கை உயர்த்துங்கள், தலைக்கு மேலாக வரும் பாஸைத் தட்டிவிடலாம். பாஸ் தாண்டிப் போய்விட்டால் முதலில் உங்கள் தலை திரும்ப வேண்டும், பிறகு கால். கைகள் அந்தத் திருப்பத்தில் இடுப்புக்கு இறங்குவதுதான் பெரும்பாலானோரின் பழக்கம், அதனால்தான் பின்னாலிருந்து பாஸ் வாங்கி அடிக்கும் கோல்கள் அவ்வளவு எளிதாக விழுகின்றன.

மிக அருகில், இரண்டு மூன்று மீட்டரில் ஒருவர் தனியாக வந்துவிட்டால் மேலே சொன்ன அடி, சுழற்சி எதற்கும் நேரமில்லை. அவர் ஸ்டிக்கின் உயரத்துக்கு உங்கள் ஸ்டிக்கைக் கொண்டுபோங்கள், அவர் இறக்கினால் நீங்களும் இறக்குங்கள், உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு நில்லுங்கள். அவர் பாவனை செய்யும்போது பாய்ந்துவிடாமல் இருப்பதே அங்கே பாதி வேலை.

இதெல்லாம் திறந்தவெளி லாக்ரோஸுக்கு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் வரப்போகும் ஆறு பேர் ஆட்டத்திலும் கோல் அதே ஆறடி சதுரம்தான், நிலையில் மாற்றமில்லை. 30 நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும் என்பதால் கீப்பருக்கு மூச்சுவிட நேரம் குறைவு. உள்ளரங்கில் ஆடும் பாக்ஸ் லாக்ரோஸ் முற்றிலும் வேறு. அங்கே கோல் சிறியது, கீப்பர் ஐஸ் ஹாக்கி கீப்பரைப் போலப் பெரிய கவசங்களோடு கோலை அடைத்து நிற்பார், ஸ்டிக் தரையில் கால்களுக்கு நடுவே இருக்கும். இணையத்தில் அந்த வீடியோக்களைப் பார்த்து நிலையை நகலெடுக்க வேண்டாம். கைகளைத் தாழ்த்தி வைக்கும் யோசனை சிலருக்கு அங்கிருந்துதான் வருகிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பயிற்சிக்கு இரண்டு. ஒன்று, ஸ்டிக்கே இல்லாமல் நின்று, மேல் கை க்ளவுஸால் மட்டும் டென்னிஸ் பந்தைப் பிடிப்பது. கூட்டாளி நான்கைந்து மீட்டரிலிருந்து இடது இடுப்புக்கும் இடது பாதத்துக்குமாக மாற்றி மாற்றி எறியட்டும். மேல் கை பந்துக்குப் போகும் நேர்வழியை உடம்பு இதில் கற்றுக்கொள்கிறது. டென்னிஸ் பந்து என்பதால் பயமும் இருக்காது. பயமிருந்தால் கண் மூடும், கை உடம்போடு ஒட்டும். இது சரளமானதும் ஸ்டிக்கை எடுத்து அதே பந்துகளை வாங்குங்கள், கீழ்க் கை தடையாக வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன அதே சுற்றைக் கண்ணாடி முன்னால் முழுக் கவசத்தோடு, இந்த முறை அடியும் எடுத்துவைத்துச் செய்வது. ஒவ்வொரு மூலையிலும் நின்று ஸ்டிக்கின் தலை ஷூட்டரை முழுதாகப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கின் வலை திரும்பிப் பக்கவாட்டைப் பார்த்தால் பந்து விளிம்பில் பட்டுத் தெறிக்கும். வேகம் வேண்டாம். இதை வேகமாகச் செய்பவர்கள் பழைய வழியையே பழகிக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஸ்டிக்கின் நீளம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் விதிப்படி கீப்பரின் ஸ்டிக் 40 முதல் 72 அங்குலம் வரை இருக்கலாம். தலையின் அகலம் 10 முதல் 12 அங்குலம். நீளமான தண்டு பந்தைத் தூரமாக எறிய உதவும், அதனால் சிலர் அதையே விரும்புவார்கள். உங்கள் கீழ்க் கைக்குக் கீழே ஓரடிக்கு மேல் தண்டு நீண்டுகொண்டிருந்தால், இடது பக்கம் திருப்பும்போது அந்த வால் முன்கையிலோ விலாக் கவசத்திலோ இடிக்கும், கை எவ்வளவு சரியாக இருந்தாலும். முதலில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள், தேவையானால் இன்னோர் அங்குலம். அறுத்த முனைக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள், திறந்த உலோக முனையோடு நடுவர் ஆடவிட மாட்டார்.